இரட்டைத் திரைக் கருவியில் சிக்கிய வாசிப்புக் குறிப்புகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வின் சுருக்கம்

ஆய்வு நிறுவனம் ஒன்றின் நூலகத்தில் மின்னூல் பிரிவைக் கவனித்துவரும் பணியில் என் பார்வைக்கு வந்த நிகழ்வு இது. முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர், ஒரு பாதியில் மின்னூல் வாசிப்புத் திரையும் மறுபாதியில் சிறு கணினியும் கொண்ட மடக்குக் கருவி ஒன்றைத் தம் அன்றாட வாசிப்புக்குப் பயன்படுத்திவந்தார். இரு பாதிகளையும் இணைக்கும் கேபிள் பழுதானபோது, அவர் கைப்பட எழுதிய குறிப்புகளில் கடைசியாக எழுதியவையும், வெளியே எடுக்க வசதியில்லாத நூல்களில் எழுதியவையும் கருவிக்குள்ளேயே சிக்கிக்கொண்டன. அவற்றில் பெரும்பகுதி மீட்கப்பட்டது. ஒரு பகுதி முழுமையாகத் திரும்பவில்லை. கருவியை வாங்கும் முடிவிலிருந்து அதற்கு மாற்று தேடியது வரை நடந்தவற்றை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். தொடர்புடையவர்களின் பெயர்களும் கருவியின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. வரலாற்றுப் பின்னணிக்காகக் கீழே பெயர் சொல்லப்படும் மாடல்களில் எதுவும் இந்த நிகழ்வின் கருவி அன்று.

பின்னணி

ஆய்வாளரின் வேலையில் பெரும்பகுதி ஆய்வுக்கட்டுரைகளைப் படிப்பதுதான். ஏ4 அளவில் அமைந்த பிடிஎஃப் கோப்புகள், பழைய இதழ்களின் ஸ்கேன் பிரதிகள், ஈபப் வடிவிலான சில மின்னூல்கள் ஆகியவை அவர் மேசைக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. மடிக்கணினித் திரையில் நீண்ட நேரம் படித்தால் கண் எரிச்சலும் தலைவலியும் வருவதாக அவர் சொன்னார். அதனால் கட்டுரைகளை அச்செடுத்து, ஓரத்தில் பேனாவால் எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. அச்சுப் பிரதிகள் பெருகப் பெருக, எந்தக் கட்டுரையின் ஓரத்தில் எதை எழுதினோம் என்று தேடுவதே தனி வேலையாகிவிட்டது. ஓரத்தில் கையால் எழுதும் பழக்கத்தை விட்டுவிடாமல் அச்செடுப்பதை மட்டும் நிறுத்த வழியுண்டா என்பதுதான் அவர் எங்களிடம் கொண்டுவந்த கேள்வி.

மூன்று வழிகள் பேசப்பட்டன. பேனா வசதி கொண்ட சாதாரண டேப்லெட் வண்ணத்திலும் வேகத்திலும் குறை வைக்காது. ஆனால் அதுவும் பின்னொளியில் இயங்கும் திரைதான் என்பதால் கண் பிரச்சினை அப்படியே இருக்கும் என்று ஆய்வாளர் கருதினார். பின்னொளியின்றிக் காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரை கொண்ட வாசிப்பான் ஒன்றையும் ஏற்கெனவே இருக்கும் மடிக்கணினியையும் தனித்தனியாகப் பயன்படுத்துவது இரண்டாவது வழி. இரண்டையும் கீலால் இணைத்த கருவி மூன்றாவது வழி. நெறியாளர் இரண்டாவது வழியை ஆதரித்தார். ஆய்வாளர் மூன்றாவதை விரும்பினார். அதற்கு அவர் சொன்ன காரணம் வலுவானது. ஒரு கட்டுரையைப் படிக்கும்போது மேற்கோள் காட்டப்பட்ட வேறொரு கட்டுரையைத் தேட வேண்டும், கலைச்சொல்லுக்கு அகராதியைப் பார்க்க வேண்டும், வண்ணத்தில் மட்டுமே புரியும் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காண வேண்டும். ஒவ்வொரு முறையும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தால் வாசிப்பு அறுந்துபோகும் என்றார்.

இவ்வகைக் கருவிகளின் வரலாறு நெறியாளருக்கு நம்பிக்கை தரவில்லை. 2009இல் அறிவிக்கப்பட்ட முதல் நூக் வாசிப்பான் 6 அங்குல இ-இங்க் திரைக்குக் கீழே 3.5 அங்குல வண்ணத் தொடுதிரையைக் கொண்டிருந்தது. 2010இல் வந்த என்டூராஜ் எட்ஜ் இந்த எண்ணத்தை முழு அளவுக்குக் கொண்டுபோனது: ஒரு பாதியில் 9.7 அங்குல இ-இங்க் திரை, மறுபாதியில் 10.1 அங்குல எல்சிடி திரை, ஆண்ட்ராய்டு இயங்குதளம், எழுத ஒரு பேனா. எடை ஏறத்தாழ 1.4 கிலோ. அடுத்த ஆண்டே அது சந்தையிலிருந்து மறைந்தது. பிறகு 2018இல் லெனோவோவின் யோகா புக் சி930, விசைப்பலகை இருக்க வேண்டிய இடத்தில் 10.8 அங்குல இ-இங்க் திரையை வைத்தது. 2020இல் அதே நிறுவனத்தின் திங்க்புக் பிளஸ் மடிக்கணினி மூடியின் வெளிப்புறத்தில் இ-இங்க் திரையோடு வந்தது. எண்ணம் மீண்டும் மீண்டும் தலைதூக்குகிறது. ஆனால் வாங்கிய மாடலுக்கே உதிரிப் பாகமும் மென்பொருளும் நீண்ட காலம் கிடைக்கும் என்று சொல்ல முடிவதில்லை.

இவற்றை எடைபோட்ட பின்னும் இரட்டைத் திரைக் கருவியையே வாங்க முடிவானது. வேலை செய்பவருக்குப் பொருந்தாத கருவி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் மேசையில் கிடந்து தூசிதான் படியும் என்பது துறைத் தலைவரின் வாதம்; அதை மறுக்க எவரிடமும் காரணம் இல்லை. நூல்களின் மூலக் கோப்புகள் அனைத்தும் நூலகச் சர்வரிலேயே இருக்க வேண்டும், கருவியில் இருப்பவை நகல்களாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்போதே விதிக்கப்பட்டது.

கருவியின் அமைப்பு

பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள உள்ளமைப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிராசசர், நினைவகம், பேட்டரி ஆகிய மூன்றும் எல்சிடி பாதியில் இருந்தன. 9.7 அங்குல இ-இங்க் பாதியில் திரையும் அதை இயக்கும் சுற்றும் பேனாவின் அசைவை உணரும் தகடும் மட்டுமே. இரண்டுக்கும் நடுவே, கீலின் உள்ளே வளைந்து செல்லும் ஒரு ரிப்பன் கேபிள் மின்சாரத்தையும் தரவையும் கொண்டுசென்றது. வாசிப்புச் செயலி எல்சிடி பாதியின் ஆண்ட்ராய்டில் இயங்கினாலும் பக்கத்தை இ-இங்க் திரையில் மட்டுமே காட்டியது. எழுதிய குறிப்புகளை வெளியே எடுப்பதற்கான மெனுவும் இ-இங்க் திரையின் ஓரத்தில், பேனாவால் தொட்டால் மட்டுமே திறப்பதாக அமைக்கப்பட்டிருந்தது.

இ-இங்க் திரையின் இயல்பு ஒன்றும் இங்கே முக்கியம். எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற வெள்ளை, கறுப்புத் துகள்கள் நுண்ணிய உறைகளுக்குள் மேலும் கீழும் நகர்வதால் அதில் எழுத்து தெரிகிறது. நகர்த்தத்தான் மின்சாரம் தேவை. நகர்ந்த துகள் அங்கேயே நிற்கும். எனவே மின்சாரம் அறவே நின்றுபோனாலும் கடைசியாகக் காட்டிய பக்கம் திரையில் அப்படியே இருக்கும்.

முதல் மாதங்களில் கண்டவை

வாசிப்பைப் பொறுத்தவரை ஆய்வாளரின் எதிர்பார்ப்பு பெரும்பாலும் நிறைவேறியது. பக்கத்தில் உள்ள இணைப்பைப் பேனாவால் தொட்டால் அது எல்சிடி பாதியில் திறந்தது. வரைபடத்தைத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கம் அனுப்பினால் வண்ணத்தில் தெரிந்தது. இந்த இரண்டு வசதிகளுக்காகவே மற்றக் குறைகளை அவர் பொறுத்துக்கொண்டார். எல்சிடி திரையை அணைத்துவிட்டுப் படித்தபோது பேட்டரி நாள்கணக்கில் தாங்கியது. இரண்டு திரைகளும் இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு வேலைநாளுக்கே தட்டுத்தடுமாறியது. கையில் பிடித்துப் படிக்க முடியாத எடை என்பதால் கருவி எப்போதும் மேசையிலோ மடியிலோதான் இருந்தது.

எழுத்தளவு உடனே தலைவலியானது. 9.7 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 140 மி.மீ. அகலமும் 203 மி.மீ. உயரமும் கொண்டது. 210 மி.மீ. அகலமுள்ள ஏ4 பக்கத்தை அதற்குள் முழுமையாக அடக்கினால் எல்லாம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 10 புள்ளியில் அச்சிட்ட எழுத்து 7 புள்ளிக்கும் கீழே போய்விடும். நாற்புறமும் 25 மி.மீ. ஓரத்தை வெட்டிவிட்டால் எழுத்து 8 புள்ளிக்குச் சற்று மேலே வரும், படிக்கலாம். ஆனால் ஓரத்தை வெட்டிய பிறகு எழுத இடமேது? குறிப்பெழுதத்தான் இந்தக் கருவியே வாங்கப்பட்டது. மேல், கீழ், உள் ஓரங்களை மட்டும் வெட்டி, வெளி ஓரத்தை விட்டுவைப்பதில் அவர் நிலைகொண்டார். எழுத்து ஏழரைப் புள்ளியளவில் இருந்தது. பழைய ஸ்கேன் பிரதிகளுக்கு அதுவும் போதாது என்பதால், கருவியைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு பக்கத்தை இரண்டு பாதிகளாகப் படித்தார். அப்போது எழுத்து அச்சிலிருந்ததைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் மாறிய இந்த வெட்டு அளவுகள் பின்னர் மீட்புப் பணியில் பெரிய இடம் பிடிக்கப்போகின்றன என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

தமிழ் ஈபப் நூல்கள் வேறுவிதமாகத் தொல்லை கொடுத்தன. எல்சிடி பாதியில் உலாவியைத் திறந்தால் தமிழ் சரியாகவே வந்தது. வாசிப்புச் செயலியோ தனக்கென ஒரு பழைய எழுத்துருவாக்க முறையைக் கொண்டிருந்தது. யுனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் கொம்பை முன்னால் நகர்த்திக் காட்ட அதற்குத் தெரியவில்லை. ‘பெயர்’ என்ற சொல்லில் பகரத்துக்குப் பின்னால் கொம்பு தனியே நின்றது. ‘கொள்கை’யின் கொம்பும் காலும் சேர்ந்து ககரத்துக்கு வலப்புறம் ஒட்டிக்கொண்டன. ஒரு பத்திக்கு மேல் படிக்க முடியாது. அத்தகைய நூல்களை நூலகக் கணினியில் எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுத்தோம். பிடிஎஃப்பில் ஒவ்வொரு வடிவமும் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதால் சிக்கல் தீர்ந்தது. ஆங்கில ஈபப் நூல்களில் இந்தத் தொல்லை இல்லை என்பதால் அவற்றை அப்படியே படிக்கத் தொடங்கினார்.

குறிப்புகளைப் பாதுகாக்க எடுத்த முடிவு

மூலக் கோப்புகள் சர்வரில் இருந்தன. கையெழுத்துக் குறிப்புகள் எங்கே இருந்தன என்பதைச் சோதித்தபோது, அவை பிடிஎஃப் கோப்புக்குள் எழுதப்படவில்லை என்பது தெரிந்தது. யுஎஸ்பி வழியாகக் கருவியைக் கணினியில் இணைத்து நூல்களின் கோப்புறையை நகலெடுத்தால் வெறும் நூல்கள்தான் வந்தன. பிடிஎஃப் தரத்தில் குறிப்புகளை ஆவணத்துக்குள்ளேயே தனிப் பொருளாகச் சேமிக்க இடமுண்டு; இந்தச் செயலி அதைப் பயன்படுத்தவில்லை, வெளியிலிருந்து பார்க்க முடியாத தன் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்திருந்தது.

செயலியில் வெளியே எடுக்கும் வசதி ஒன்று இருந்தது. அது பக்கத்தையும் குறிப்பையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டையான படமாக்கி, புதிய பிடிஎஃப் ஒன்றை உருவாக்கும். அந்தப் பிரதியில் குறிப்பை நகர்த்தவோ அழிக்கவோ முடியாது; அசல் எழுத்தைத் தேடவும் முடியாது. இருந்தும், எதுவுமில்லாததைவிட இது மேல் என்ற கணக்கில், வாரம் ஒருமுறை அந்த வாரத்தில் தொட்ட ஆவணங்களை இவ்வாறு எடுத்துச் சர்வரில் சேர்ப்பது என்று ஆய்வாளரும் நாங்களும் ஒப்புக்கொண்டோம். ஒவ்வொரு ஆவணத்தையும் தனித்தனியாகத் திறந்து எடுக்க வேண்டியிருந்ததால் வேலை சலிப்பூட்டியது. அத்தியாயம் எழுதும் நெருக்கடியான காலத்தில் இடைவெளி நீண்டது. ஈபப் நூல்களுக்கு இந்த வசதியே கிடையாது.

பழுது

முதல் அறிகுறி பேனாவில் தெரிந்தது. கருவியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விரித்து வைத்தால் எழுதும் கோடு இடையிடையே விட்டுப்போனது. சற்று மூடினால் சரியானது. பேனா முனை தேய்ந்திருக்கலாம் என்று முனை மாற்றப்பட்டது, மாற்றம் இல்லை. சில வாரங்களில் அதைவிட விநோதமான ஒன்று நடந்தது. பக்கம் திருப்பியபோது திரையின் நடுவில் இரண்டு விரல் அகலமுள்ள பட்டை ஒன்று மட்டும் மாறாமல் நின்றது. மேலும் கீழும் புதிய பக்கத்தின் வரிகள், நடுவில் பழைய பக்கத்தின் வரிகள். எழுத்துருவும் வரி இடைவெளியும் ஒன்றே என்பதால் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியவில்லை. வாக்கியம் பொருள் தராமல் போனபோதுதான் ஆய்வாளர் கவனித்தார். வழக்கமாக இ-இங்க் திரையில் முந்தைய பக்கத்தின் மங்கிய நிழல் எஞ்சுவதுண்டு, திரையை முழுமையாகப் புதுப்பித்தால் அது போய்விடும். இந்தப் பட்டை மங்கலாக இல்லை. அசல் பக்கம் போலவே கறுப்பாக இருந்தது. அந்தப் பகுதிக்குச் செல்லும் சமிக்ஞையே தடைபடுகிறது என்பதற்கு அது சான்று.

அதற்குப் பின் சில நாட்களில் ஆய்வாளர் கருவியோடு நேரில் வந்தார். “பக்கம் தெரியுது சார், ஆனா பேனா எழுத மாட்டேங்குது, பக்கமும் திரும்ப மாட்டேங்குது” என்றார். எல்சிடி பாதி வழக்கம்போல இயங்கியது. செயலி உறைந்துவிட்டது என்றே அவர் எண்ணியிருந்தார். கருவியை அணைத்து மீண்டும் இயக்கும்போது இ-இங்க் திரை ஒருமுறை முழுதும் கறுத்து வெளுத்துப் பிறகு முகப்பைக் காட்டுவது வழக்கம். இம்முறை எல்சிடி பாதி முழுதாகத் தொடங்கி முடிந்த பின்னும் இடப்பக்கம் அதே பக்கம், ஓரத்தில் அவர் பாதியில் விட்ட அதே சொல்லோடு அசையாமல் நின்றது. மென்பொருள் பழுதாக இருந்தால் அந்தக் கறுத்து வெளுப்பாவது நிகழ்ந்திருக்க வேண்டும். திரைக்கு மின்சாரமே போகவில்லை. கீலுக்குள் இருக்கும் கேபிள் அறுந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தோம்.

உடனடி முடிவுகள்

தயாரிப்பாளருக்கு அனுப்பிய கடிதத்துக்குத் தானியங்கிப் பதில் வந்தது. கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும்படி அது ஆலோசனை சொன்னது. அதைச் செய்திருந்தால் செயலியின் தரவுத்தளமும் சேர்ந்து அழிந்திருக்கும். கேபிள் பழுதுக்கு அந்த மருந்து எந்த விதத்திலும் உதவாது என்பதால் முதல் முடிவு எளிது: எதையும் அழிக்கக் கூடாது, செயலியைப் புதுப்பிக்கக் கூடாது, பேட்டரி தீர்ந்துபோக விடக் கூடாது. பின்னர் வந்த இரண்டாவது பதிலில், அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டதாகவும் கேபிள் கைவசம் இல்லை என்றும் இருந்தது.

கருவியைத் திறந்து கேபிளைப் பார்க்கலாம் என்று பழுதுபார்ப்பவர் ஒருவர் முன்வந்தார். அதைத் தள்ளிவைத்தோம். இயங்கிக்கொண்டிருக்கும் எல்சிடி பாதிதான் நினைவகத்துக்கு இருந்த ஒரே வழி; திறக்கும்போது அதுவும் கெட்டால் ஒன்றுமே மிஞ்சாது. தரவை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும், திறப்பது அதற்குப் பிறகுதான் என்ற வரிசையில் நெறியாளரும் உறுதியாக இருந்தார்.

வெளியே எடுக்கும் மெனு இ-இங்க் திரையில்தான் இருந்தது என்பதை மேலே சொன்னேன். அந்தத் திரை செத்துவிட்டதால், இதே சூழ்நிலைக்காக இருந்திருக்க வேண்டிய வசதி இதே சூழ்நிலையில் பயனற்றுப்போனது. இப்படி ஒரு வடிவமைப்பை எவரும் சோதிக்காமல் விற்றிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மீட்பு

எல்சிடி பாதியில் அமைப்புகளுக்குச் சென்று, உருவாக்குநர்களுக்கான யுஎஸ்பி பிழைத்திருத்த வசதியை இயக்க முடிந்தது. கணினியிலிருந்து கட்டளை கொடுத்து ஒரு செயலியின் தனித் தரவை பேக்கப் எடுக்கும் வழி ஆண்ட்ராய்டு 4.0இல் வந்தது. செயலியை எழுதியவர் அதைத் தடுத்திருந்தால் நடக்காது. இங்கே தடுக்கப்படவில்லை. கிடைத்த தொகுப்பைப் பிரித்தபோது உள்ளே எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு ஒன்று இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரிசை: எந்த ஆவணம், எத்தனையாவது பக்கம், திரையின் எந்தெந்தப் புள்ளிகள் வழியாகப் பேனா சென்றது என்ற எண்கள். கையெழுத்து முழுவதும் எண்களாக இருந்தது. ஆவணத்தின் பெயரும் பக்க எண்ணும் இருந்ததால் திரும்பச் சேர்க்க முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது.

கணினித் துறை மாணவர் ஒருவர் இந்த எண்களைப் படித்து, மூல பிடிஎஃப்பின் மேல் கோடுகளாக வரையும் சிறு நிரலை எழுதினார். முதல் முயற்சியில் குறிப்புகள் பக்கத்துக்கு வெளியே போய் விழுந்தன. எண்கள் குறித்தது பக்கத்தின் இடத்தை அல்ல, திரையின் இடத்தை. ஓரம் வெட்டிய பக்கத்தில் திரையின் ஒரு மூலை வேறிடத்தையும், வெட்டாத பக்கத்தில் அதே மூலை வேறிடத்தையும் குறிக்கும். நல்லவேளையாக, எந்தப் பக்கம் எந்த வெட்டளவில், எந்தத் திசையில் காட்டப்பட்டது என்பதும் அதே தரவுத்தளத்தின் இன்னோர் அட்டவணையில் இருந்தது. அதைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு குறிப்புகள் பக்கத்துக்குள் வந்தன. ஆனால் அடிக்கோடுகள் யாவும் எழுத்தின் நடுவே ஓடி, அடித்து விட்டவை போலத் தோன்றின.

இங்கேதான் வாரந்தோறும் எடுத்துவைத்த தட்டையான பிரதிகள் எதிர்பாராத விதத்தில் கைகொடுத்தன. ஏற்கெனவே எடுத்திருந்த ஒரு பக்கத்தையும், நிரல் வரைந்த அதே பக்கத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். எல்லாக் கோடுகளும் ஒரே அளவு மேலே தள்ளியிருந்தன. செயலி திரையின் உச்சியில் நூலின் தலைப்பைக் காட்டும் ஒரு மெல்லிய பட்டையை வைத்திருந்தது. எண்கள் அந்தப் பட்டைக்குக் கீழிருந்தே தொடங்கின. அதன் உயரத்தைக் கூட்டியதும் அடிக்கோடுகள் எழுத்துக்கு அடியில் வந்து உட்கார்ந்தன. பிரதிகள் இல்லாதிருந்தால் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் ஊகித்துத்தான் சரிசெய்திருக்க வேண்டும்.

பிடிஎஃப் ஆவணங்களின் குறிப்புகள் இவ்வாறு ஏறக்குறைய முழுமையாகத் திரும்பின. பழுதுக்கு முன் கோடு விட்டுவிட்டு எழுதிய நாட்களின் குறிப்புகளில் மட்டும் எழுத்துகள் சிதைந்திருந்தன; அவற்றை ஆய்வாளரே படித்துத் திரும்ப எழுதினார்.

ஈபப் நூல்களின் கதை வேறு. ஈபப்பில் நிலையான பக்கம் என்று ஒன்று இல்லை. எழுத்தளவை மாற்றினால் வரிகள் இடம்பெயரும், ஒரு திரையில் இருந்தது அடுத்த திரைக்குப் போகும். செயலி ஒவ்வொரு கோட்டையும் அத்தியாயத்தின் எத்தனையாவது திரை என்ற எண்ணோடு மட்டுமே சேமித்திருந்தது. எழுதிய நேரத்தில் எழுத்தளவு என்னவாக இருந்தது என்பதைச் சேமிக்கவில்லை. ஆய்வாளர் இடையில் எழுத்தளவை மாற்றியிருந்தார். கையெழுத்து தெளிவாகக் கிடைத்தது, எந்த வரிக்கு எதிரே எழுதியது என்பது கிடைக்கவில்லை. “இது முன் அத்தியாயத்துக்கு முரண்” என்ற குறிப்பு எதைச் சுட்டுகிறது என்று அவர் நூலைத் திரும்பப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வேறு வாசிப்பு மென்பொருளில் அதே எழுத்துரு, அதே அளவை வைத்து வரிகளைப் பொருத்திப் பார்க்கவும் முயன்றோம். இரண்டு மென்பொருள்கள் வரியை ஒரே இடத்தில் முறிப்பதில்லை என்பதால் அது கைவிடப்பட்டது. நூலகத்திலிருந்து கால வரையறையோடு இரவல் பெற்ற சில நூல்களின் தவணையும் இதற்குள் முடிந்து, அவற்றை மறுபடி இரவல் பெற்ற பிறகே இந்தப் பொருத்தும் வேலையைத் தொடங்க முடிந்தது.

பழுதுக்குப் பின்

தரவு பத்திரமான பிறகு கருவி திறக்கப்பட்டது. கீல் வளைவில் ரிப்பன் கேபிளின் மடிப்பு வெளுத்து, உள்ளே இருந்த மெல்லிய செப்புத் தடங்கள் விரிசல் கண்டிருந்தன. முழுதாக விரித்தும் மடித்தும் நாள்தோறும் பயன்படுத்திய கருவியில் இது எதிர்பார்க்கத்தக்க தேய்மானம்தான். மாற்றுக் கேபிள் கிடைக்காததால் பழுது நீக்கப்படவில்லை.

அடுத்து எதை வாங்குவது என்ற பேச்சில், இன்னொரு இரட்டைத் திரைக் கருவி வேண்டும் என்பதே ஆய்வாளரின் முதல் விருப்பமாக இருந்தது. இணைப்பைத் தொட்டால் பக்கத்துத் திரையில் திறக்கும் வசதியை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் மிகைப்படுத்துகிறார் என்று நான் நினைக்கவில்லை. படிக்கும் நிலையில் அந்தக் கருவி உண்மையிலேயே நன்றாக உழைத்தது. ஆனால் இ-இங்க் பாதி பல ஆண்டுகள் உழைக்கக் கூடிய பொருள். கணினிப் பாதியின் இயங்குதளமும் பாதுகாப்புச் சான்றிதழ்களும் அதைவிட விரைவாகப் பழையதாகிவிடும். இரண்டையும் இணைக்கும் கேபிளோ இரண்டைவிடவும் முந்திக்கொள்ளும். இணைத்த கருவியின் ஆயுள் இவற்றில் மிகக் குறைந்ததன் ஆயுள்தான். இந்தக் காரணத்தால், குறிப்புகளை பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே தரமான முறையில் எழுதும் பெரிய இ-இங்க் வாசிப்பான் ஒன்று வாங்கப்பட்டது. தேடுவதற்கு அவருடைய மடிக்கணினியே போதும் என்றானது. 13.3 அங்குலத் திரை என்பதால் ஏ4 பக்கத்தின் ஓரத்தை வெட்ட வேண்டிய தேவை கிட்டத்தட்ட இல்லாமல்போனது. வாசிப்பு அறுந்துபோகிறது என்ற அவருடைய பழைய குறை மட்டும் தீரவில்லை. தேட வேண்டியவற்றை ஓரத்தில் நட்சத்திரக் குறியிட்டு வைத்து, ஒரு பகுதி முடிந்ததும் மொத்தமாகத் தேடுவது என்று தம் வழக்கத்தைத்தான் அவர் மாற்றிக்கொண்டார்.

இனி மாற்றப்படுபவை

எழுதும் வசதி கொண்ட எந்தக் கருவியையும் பரிந்துரைக்கும் முன் நூலகம் இப்போது ஒரு சோதனையைச் செய்கிறது. ஒரு பிடிஎஃப்பில் ஒரு சொல்லை எழுதி, கோப்பைச் சாதாரண யுஎஸ்பி நகலாக வெளியே எடுத்து, வேறு கணினியில் வேறு மென்பொருளில் திறந்து, அந்தச் சொல்லை மட்டும் அழிக்க முடிகிறதா என்று பார்க்கிறோம். அழிக்க முடிந்தால் குறிப்பு கோப்புக்குள் இருக்கிறது என்று பொருள். முடியாவிட்டால் அது கருவியின் பிடியில் இருக்கிறது. அப்படிப்பட்ட கருவியை வாங்கத் தடையில்லை, ஆனால் தரவுத்தளத்தை அப்படியே நகலெடுக்கும் வழி முதல் வாரத்திலேயே கண்டறியப்பட்டு எழுதிவைக்கப்படும். ஒரு திரை இல்லாமல் மற்றதை வைத்து எவ்வளவு செய்ய முடியும் என்பதும் இரட்டைத் திரைக் கருவிகளில் தனியாகப் பார்க்கப்படும்.

ஈபப் நூல்களில் பேனாவால் எழுதுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் வரியைத் தேர்ந்தெடுத்துத் தட்டச்சுக் குறிப்பு சேர்க்கலாம்; குறிப்பு நூலின் அந்தச் சொற்களோடு பிணைக்கப்படுவதால் எழுத்தளவு மாறினாலும் இடம் தவறாது. கையால்தான் எழுதுவேன் என்பவருக்கு நூலை முதலில் நிலையான பக்கமுள்ள பிடிஎஃப் ஆக மாற்றித் தருகிறோம்.

ஆய்வாளரின் ஈபப் குறிப்புகளில் இடம் காணப்படாதவை தனிக் கோப்பாக, அத்தியாய எண்ணோடும் எழுதிய தேதியோடும் சர்வரில் வைக்கப்பட்டுள்ளன. அந்த நூல்களை மேற்கோள் காட்டும் இடத்துக்கு வரும்போது அவர் அந்தக் கோப்பைத் திறந்து, அடையாளம் தெரிந்ததைப் பொருத்திவிட்டு, தெரியாததை அப்படியே விட்டுச் செல்கிறார்.